30 மீற்றர் வயரும் 19 முறுக்குகளும்

நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கல் முடிந்த மறுநாள் காலை, சனம் கலைந்த வெளியில் மிஞ்சுவது வேலையாட்கள்தான். ஒலிபெருக்கிப் பெட்டிகள் லொறியில் ஏறும். ரியூப் லைட்டுகள் மரங்களிலிருந்து இறங்கும். கடைசியில் மணலில் கிடப்பது வயர். பெட்டி தூக்க யார் வந்தாலும் விடுவார்கள். வயர் சுருட்ட எல்லாரையும் விடமாட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பெடியன் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையே விறுவிறென்று சுற்றத் தொடங்கினால், எங்கிருந்தோ ஒரு குரல் வரும்: "தம்பி, கையில சுத்தாதை. வயரைப் பழுதாக்கிப் போடுவாய்."

புதுக்குடியிருப்புப் பக்கம் கோயில், கலியாணவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று ஓடித்திரியும் ஒலியமைப்புக்காரருக்கு வயர்தான் முதல். அந்தக் குரலில் இருக்கும் பதற்றத்துக்குக் காரணம் காசு மட்டுமல்ல. கையில் சுற்றிய வயருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று புகுந்துகொள்கிறது.

அதைக் கண்ணால் பார்க்க வீட்டில் உள்ள ஒரு றிபன் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னலில் கட்டும் வெள்ளை றிபனை எடுத்து, ஒரு பக்கத்தில் பேனையால் நீளத்துக்கும் ஒரு கோடு இழுங்கள். நான்கு விரலைச் சேர்த்து நீட்டி அதில் ஐந்து சுற்றுத் தட்டையாகச் சுற்றுங்கள். சுற்றியிருக்கும்போது கோடு எங்கும் வெளிப்புறம்தான். றிபனில் ஒரு முறுக்குக்கூட இல்லை. இனி அந்தச் சுருளை விரலிலிருந்து பக்கவாட்டில் கழற்றி, இரண்டு முனையையும் பிடித்து நேராக இழுங்கள். றிபன் நெடுக முறுக்கு ஏறியிருக்கும். எண்ணிப் பார்த்தால் சரியாக ஐந்து. மறுபடி சுற்றி, இந்தமுறை கழற்றாமல், சுற்றிய அதே வழியில் விரலைச் சுற்றிச் சுற்றி அவிழுங்கள். ஒரு முறுக்கும் இருக்காது. அதே றிபன், அதே ஐந்து வளையம், வெளியேறிய வழி மட்டும்தான் வேறு.

உருண்டையான வயரில் இந்தக் கோடு இல்லை. அதனால் நடப்பது தெரிவதில்லை. ஆனால் கணக்கு அதேதான். 30 மீற்றர் வயரை அரை மீற்றர் விட்டமுள்ள வளையங்களாகச் சுருட்டினால் ஒரு வளையத்துக்கு 1.57 மீற்றர் போகும்; மொத்தம் 19 வளையம். சுருட்டும்போது வயர் விரலுக்குள் உருள விடாமல் இறுக்கிப் பிடித்துச் சுற்றினால், ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முழு முறுக்கு வயருக்குள் போகிறது. 19 வளையத்துக்கு 19 முறுக்கு. வயரை விரலால் உருட்டி உருட்டித் தட்டையாக வைத்தால் சுருளுக்குள் முறுக்கு இராது. ஆனால் அடுத்த கோயிலில் ஒருவர் அந்தச் சுருளைத் தரையில் போட்டு முனையைப் பிடித்து இழுக்கும்போது அதே 19 வந்து சேரும். இப்போது தப்பினால் பிறகு.

ஏன் தப்ப முடியவில்லை என்பதற்குக் கணிதத்தில் விடை இருக்கிறது. ருமேனியாவைச் சேர்ந்த கியோர்கே கலுகரேனு 1959க்கும் 1961க்கும் இடையில் ஒரு தேற்றத்தை எழுதினார். 1969இல் ஜேம்ஸ் வைட்டும் 1971இல் புரொக் புல்லரும் அதை விரித்தார்கள். ஒரு நாடாவில் இரண்டு வகைச் சுற்றல் இருக்கலாம். தன் அச்சைச் சுற்றித் தானே திருகுவது ஒன்று. அதை முறுக்கம் என்போம். அந்த அச்சே வெளியில் வளைந்து வளையம் வளையமாகச் சுழல்வது மற்றது. அதை நெளிவு என்போம். முனைகள் இரண்டும் திரும்ப முடியாமல் பிடிபட்டிருக்கும்வரை, இந்த இரண்டின் கூட்டுத்தொகை மாறாது. கடைக் கொப்பியில் பற்றும் வரவும் போல, ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் ஏறியே தீரும். சுருளாகக் கிடந்தபோது நெளிவாக இருந்தது, நேராக இழுத்ததும் முறுக்கமாகிறது. றிபனின் ஐந்தும் எங்கிருந்தும் புதிதாக வந்தவையல்ல; சுருளில் ஏற்கெனவே வேறு வேடத்தில் இருந்தவை.

கணக்கு எதிர்த்திசையிலும் ஓடும். முறுக்கேறிய வயரை இழுத்துப் பிடித்திருக்கும்வரை அது நேராகத்தான் நிற்கும், குற்றம் சொல்ல எதுவும் தெரியாது. இழுவையைத் தளர்த்துங்கள். திடீரென்று நடுவில் ஒரு கண்ணி துள்ளி எழும். முறுகிக் கிடப்பதைவிட வளைந்து கிடப்பது வயருக்கு மலிவு. ஆகவே முறுக்கத்தை நெளிவாக மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலேயக் கணிதர் அல்பிரட் கிரீன்ஹில் 1883இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். கப்பல் சுழலியைத் திருப்பும் இரும்புத் தண்டுகள் எப்போது நெளியும் என்பதுதான் அவருடைய கேள்வி. விடை கயிற்றுக்கும் வயருக்கும் பொருந்திவிட்டது. அதன்படி முறுக்கு இரண்டு மடங்கானால், வயரைக் கண்ணி விழாமல் நேராக வைத்திருக்க வேண்டிய இழுவை நான்கு மடங்கு. கொஞ்சம் முறுக்கேறிய வயர் சாதுவாகக் கிடப்பதும், இன்னும் கொஞ்சம் ஏறியதும் பேய்பிடித்ததுபோல் துள்ளுவதும் இதனால்தான்.

அவுஸ்திரேலியக் கணிதர் ஜோன் மிச்செல் 1889இல் கண்டது இதைவிட விசித்திரம். ஒரு றப்பர்த் தண்டை முறுக்கி, முனைகளை ஒட்டி வளையமாக்கினால், ஏறத்தாழ 2.6 முழுச் சுற்றுவரை அந்த வளையம் ஒன்றும் நடவாததுபோல் தட்டையாகவே கிடக்கும். அந்த எல்லையைத் தாண்டியதும் வளையம் தட்டையாக நிற்க முடியாமல் எழுந்து எட்டு வடிவமாகப் புரளும். வயர் பொறுமையாக இருக்கிறது என்பதற்காக உள்ளே ஒன்றும் இல்லை என்று எண்ணக்கூடாது.

கண்ணி எழுந்ததும் ஆபத்து முடிந்துவிடவில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. மேடையிலிருந்து யாரோ வயரை இழுப்பார். கண்ணி அவிழாமல் சின்னதாகிக்கொண்டே போய், கடைசியில் பென்சில் தடிப்புக்கு இறுகி மடியும். அந்த இடத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வயரை வெட்டித்தான் ஆகவேண்டும்.

பழைய பிரித்தானிய அளவில் 40/0076 என்று சொல்லும் வயரை எடுங்கள். அதில் ஒரு பக்கத்துக்கு 40 செப்பு இழைகள், ஒவ்வொன்றும் 0.0076 அங்குலம், அதாவது 0.193 மில்லிமீற்றர் தடிப்பு. அந்த 40 இழைகளும் சேர்ந்து தாங்கும் மின்னோட்டத்தை 1.2 மில்லிமீற்றர் தடிப்பான ஒற்றைக் கம்பியும் தாங்கும். பிறகு ஏன் நாற்பதாகப் பிரிக்க வேண்டும்? வளைக்கும்போது கம்பியின் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. கம்பி எவ்வளவு மெல்லியதோ அந்த நீட்சி அவ்வளவு குறைவு. ஒற்றைக் கம்பி படும் பாட்டில் ஆறில் ஒரு பங்குதான் இந்த மெல்லிய இழைக்கு. இழைகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. நேராகக் கட்டிய 40 இழைகளை வளைத்தால் வெளிப்பக்க இழைகள் எப்போதும் இழுபடும், உட்பக்கத்தவை எப்போதும் நெரிபடும். முறுக்கியிருந்தால் ஒரே இழை சிறிது தூரம் வெளியே, சிறிது தூரம் உள்ளே என்று மாறி மாறிப் போய்ச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும்.

மைக் வயர் இன்னும் ஒரு படி நுட்பம். அதற்குள் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகும். மேலே மெல்லிய செப்பிழைகளாலான ஓர் உறை. முறுக்கிய சோடி எனப்படும் இந்த ஏற்பாட்டுக்கு 1881இல் காப்புரிமை பெற்றவர் தொலைபேசியின் அலெக்சாண்டர் கிரஹாம் பெல். பக்கத்தில் ஜெனரேற்றர் ஓடும்போது அதன் இரைச்சல் வயருக்குள் நுழைகிறது. கம்பிகள் மாறி மாறி இடம் மாற்றுவதால் இரண்டிலும் ஒரே அளவு இரைச்சல் ஏறுகிறது. பாட்டோ ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகிறது. அம்பிளிபயர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், பாட்டு இரட்டிக்கும். அதாவது தொழிற்சாலையிலேயே மிகக் கவனமாக அளந்து முறுக்கப்பட்ட ஒரு பொருளைத்தான் நாம் முழங்கையில் சுற்றி இன்னும் முறுக்குகிறோம். ஒரு பக்கம் முறுக்கினால் உள்முறுக்கு இறுகும், மறுபக்கம் முறுக்கினால் தளரும். இரண்டும் தொழிற்சாலை நினைத்தது அல்ல. உறை இழைகள் விலகிய இடத்தில் இரைச்சல் நுழையும்.

இதற்குக் கைத்தொழில்காரர் கண்ட வழி அழகானது. 19 முறுக்கும் வரத்தான் வரும் என்றால், பாதியை எதிர்த்திசையில் வரச் செய்துவிடு! முதல் வளையம் வழமைபோல்: இடக்கையில் வயரின் முனை; வலக்கை ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் வயரை இழுத்து வந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மெல்ல உருட்டி வளையமாக வைக்கும். இரண்டாவது வளையத்துக்கு வலக்கை கவிழும். பெருவிரல் கீழ்நோக்க வயரைப் பிடித்து, கொண்டுவரும்போது கையை நிமிர்த்தி வைத்தால், வயரின் மீதி வளையத்துக்கு மேலால் போகாமல் கீழால், உட்பக்கமாகப் போகும். மூன்றாவது மறுபடி மேலால். நான்காவது கீழால். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரேமாதிரி வளையங்கள்தான். ஆனால் இழுக்கும்போது முதல் வளையம் ஒரு முறுக்கை வலப்பக்கம் தரும், இரண்டாவது அதையே இடப்பக்கம் தந்து அழித்துவிடும். 18 வளையம் என்றால் கூட்டுத்தொகை பூச்சியம். 19 என்றால் ஒன்று மிஞ்சும்; 30 மீற்றரில் ஒரு முறுக்கை யார் பார்க்கப்போகிறார்கள்? இப்படிச் சுருட்டிய வயரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுருளை மேடைக்கு அப்பால் எறிந்தால், காற்றிலேயே அவிழ்ந்து நேராகப் போய் விழும். கை பழக ஒரு பின்னேரம் போதும்.

இதே தந்திரம் ஒரு காட்போட் பெட்டிக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. கணினி வலையமைப்புக்கான கேபிள் 305 மீற்றர், அதாவது ஆயிரம் அடி கொண்ட பெட்டிகளில் வரும். பக்கத்தில் ஒரு துளை. அதற்குள்ளிருந்து இழுக்க இழுக்க கேபிள் முறுக்கில்லாமல் வந்துகொண்டே இருக்கும். உள்ளே சுழலும் உருளை ஒன்றும் இல்லை. எட்டு வடிவத்தில் சுற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எட்டின் ஒரு கண் வலமாகவும் மறுகண் இடமாகவும் சுழல்வதால் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. வீதியோரம் கண்ணாடியிழைக் கேபிள் புதைப்பவர்கள் தரையில் பெரிய எட்டுகளாகக் கேபிளைப் பரப்பி வைப்பதும் இதற்காகவே. ஹாட்வெயார் கடையில் வாங்கிய 100 மீற்றர் சுருளுக்கு இந்த வசதி இல்லை. அதை ஒரு தடியில் கோத்து உருளவிட்டுத்தான் எடுக்க வேண்டும்; கிடையாகப் போட்டு இழுத்தால் றிபன் கதைதான்.

ஆனால் சுருளைக் கிடையாகப் போட்டு இழுப்பது எப்போதும் பிழையென்று நினைத்துவிடக் கூடாது. முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கும்போது கயிறு மணலில் வளையம் வளையமாக விழுகிறது. விழும் ஒவ்வொரு வளையமும் கயிற்றுக்குள் ஒரு முறுக்கை வைக்கிறது. மேலே கடைசியாக விழுந்த வளையத்திலிருந்து அதே வழியில் கயிறு திரும்பிப் போனால், வைத்த முறுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி எடுபடும். சுருளைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு இழுத்தாலோ, முறுக்கு கழிவதற்குப் பதில் இரட்டிக்கும். 19 என்பது 38 ஆகும். வந்த வழியே போனால் பூச்சியம், மறுவழி போனால் இரண்டு மடங்கு.

கடலடிக் கேபிள் போடும் கப்பல்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த விதியை நம்பித்தான் ஓடுகின்றன. 1866இல் அத்திலாந்திக்கைக் கடந்து தந்திக் கேபிள் போட்ட 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலில் பிரமாண்டமான வட்டத் தொட்டிகள் இருந்தன. ஆட்கள் தொட்டிக்குள் இறங்கிச் சுற்றிச் சுற்றி நடந்து, கேபிளைக் கையால் அடுக்கினார்கள். இன்றும் கேபிள் கப்பல்களில் அப்படித்தான். 2006இல் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே போட்ட பாரத லங்கா கேபிளின் நீளம் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். 15 மீற்றர் விட்டமுள்ள தொட்டியில் அந்த நீளத்தை அடுக்குவதாக வைத்துப் பாருங்கள்: 6,800 வளையம், 6,800 முறுக்கு. அவ்வளவும் ஏறிய ஒழுங்கிலேயே இறங்கித் தீரும். வெளியேறும் கேபிள் தொட்டிக்குள் தறிகெட்டு ஆடிக் கண்ணி போடாதபடி நடுவில் ஒரு கூம்பும் மேலே வளையச் சட்டங்களும் வைப்பார்கள். கவசக் கம்பி போர்த்த கேபிளானால் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: கவசம் முறுக்கியிருக்கும் போக்குக்கு ஏற்ற ஒரே திசையில்தான் அடுக்கலாம்.

கயிற்றிலும் அப்படியே. வலமுறுக்குக் கயிற்றை மாலுமிகள் கடிகாரம் சுற்றும் திசையில்தான் சுருட்டுவார்கள்; மாறிச் சுருட்டினால் கயிறு முரண்டு பிடிக்கும். கயிறு திரிக்கிறவர் நாரை ஒரு பக்கம் முறுக்கிப் புரியாக்கி, புரிகளை மறுபக்கம் முறுக்கிச் சேர்க்கிறார். புரி அவிழப் பார்க்கும்போது கயிறு இறுகும். கயிறு அவிழப் பார்க்கும்போது புரி இறுகும். ஒன்றின் பிடியில் மற்றது. இதே வடிவத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954–55இல் நம் உடம்புக்குள் கண்டார்கள். தோலுக்கும் தசைநாணுக்கும் வலுக்கொடுக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் மூன்று சங்கிலிகள் உண்டு. ஒவ்வொன்றும் இடமாகச் சுருண்டது. மூன்றும் சேர்ந்து வலமாக முறுகியிருக்கும். குதிக்காலுக்கு மேலே தொட்டுப் பார்க்கும் அந்தத் தடித்த நாண் இவ்வகைக் கயிறுகளின் கட்டு.

உடம்பு என்று வந்ததால் பற்றீரியாவையும் சொல்லவேண்டும். எசரிக்கியா கோலை என்ற குடல் பற்றீரியாவின் டி.என்.ஏ. ஒரு மூடிய வளையம், நீளம் 1.6 மில்லிமீற்றர். அது அடைந்து கிடக்கும் உடல் ஒரு மில்லிமீற்றரில் ஐந்நூறில் ஒரு பங்கு. இரட்டை இழையில் ஏறத்தாழ 4,40,000 முறுக்கு. பிரதி எடுப்பதற்கு இழைகளை முற்றாகப் பிரிக்க வேண்டும். ஆனால் வளையத்துக்கு முனை இல்லை. முனை இல்லாததை எந்தப் பக்கம் திருப்பி அவிழ்ப்பது? மேலால் கீழால் சுருட்டும் வித்தை இங்கே செல்லாது. கணக்கை மாற்ற ஒரே வழி வெட்டுவதுதான். 1971இல் ஜேம்ஸ் வாங் அறிவித்த நொதியம் அதைத்தான் செய்கிறது: இழையை வெட்டி, முறுக்கைத் தளரவிட்டு, தடயமில்லாமல் ஒட்டிவிடுகிறது. 1976இல் கண்டறிந்த கைரேஸ் என்ற நொதியம் இரண்டு இழையையும் ஒன்றாக வெட்டி, அந்த இடைவெளியால் டி.என்.ஏ.யின் இன்னொரு பகுதியைப் புகுத்தி எடுத்து மறுபடி ஒட்டுகிறது. பிரதி எடுக்க 40 நிமிடம் என்றால் வினாடிக்கு 180க்கு மேற்பட்ட முறுக்குகள் தீரவேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு வைத்தியர் எழுதித் தரும் சிப்ரொபுளொக்சசின் மாத்திரை கைரேஸை வெட்டிய நிலையிலேயே சிக்கவைத்துவிடும். பற்றீரியா தன் வயர் சிக்கி மாள்கிறது.

கோயில் வெளிக்குத் திரும்புவோம், ஏனென்றால் மேலால் கீழால் முறைக்கு ஒரு பொல்லாத பலவீனம் உண்டு. சுருளின் ஒரு முனை தற்செயலாக நடுத்துளைக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டால் போதும். பிறகு இழுக்கும்போது இரண்டு வளையத்துக்கு ஒன்று என்று வரிசையாக முடிச்சு விழும். 18 வளையத்தில் ஒன்பது முடிச்சு. முறுக்குக்கு மருந்து கண்டவன் முடிச்சில் மாட்டிக்கொள்வான்.

முனை தானாகப் புகுமா என்றால், புகும். கலிபோர்னியாவில் டோரியன் ரேமரும் டக்ளஸ் சிமித்தும் ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டுச் சுழற்றி, 3,415 தடவை என்ன நடக்கிறதென்று பார்த்து 2007இல் எழுதினார்கள். சில வினாடிகளிலேயே முடிச்சு விழத் தொடங்கியது. மொத்தம் 120 வகை முடிச்சு. 46 சென்ரிமீற்றருக்குக் குறைந்த நூலில் மட்டும் ஒன்றும் விழவில்லை. 30 மீற்றர் வயர் அந்த எல்லையைப்போல் 65 மடங்கு நீளம். அதை லொறிப் பெட்டிக்குள் போட்டு, குன்றும் குழியுமான ஒழுங்கையில் ஏற்றிக்கொண்டு போவதும் ஏறத்தாழ அதே பரிசோதனைதான்.

ஆகவே சுருட்டிய கையோடு சுருளைக் கட்டிவிட வேண்டும். ஒட்டுப்பட்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வார் அதைவிட நல்லது, வெயிலில் பசை பிடிக்காது. இரண்டு முனையும் சுருளுக்கு வெளியே நிற்கட்டும். வயரின் கடைசி அரை மீற்றரையே சுருளைச் சுற்றி இறுக்கி முடிந்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது சுருளைக் காக்கும், வயரைக் கொல்லும். அந்த இறுக்கமான வளைவுகள் எல்லாம் பிளக்குக்கு ஒரு சாண் தள்ளி, ஏற்கெனவே அதிகம் வளைந்து களைத்த இடத்திலேயே விழுகின்றன. மைக் வேலை செய்யாதபோது பழகிய ஒலியமைப்புக்காரர் வயர் முழுவதையும் சோதிப்பதில்லை. பிளக்கைக் கழற்றி, அந்த ஒரு சாணைத்தான் முதலில் வெட்டுகிறார்.